சாமி அறைக்குப் போன வயர்

எனக்குப் பொய் சொல்ல வராது என்று முப்பது வருடமாக ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டவள் நான். கணக்கு டீச்சர். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து விடை எழுதினவனை மூஞ்சியைப் பார்த்தே பிடித்துவிடுவேன். அப்படிப்பட்டவள் ஒரு வியாழக்கிழமை ஏணிக்குக் கீழே நின்றுகொண்டு, சீலிங்குக்கு மேலே தவழ்ந்துகொண்டிருந்த ஒரு மனிதரிடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அந்த மனிதர் அதற்குப் பதிலாக எனக்குச் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இவருக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, நுரையீரலில் வருத்தம். மூன்று வருடமாகக் கூடுவதும் குறைவதுமாக இருந்தது. இந்த முறை ஆஸ்பத்திரியில் மூன்று கிழமை படுக்க வைத்துவிட்டது. கடைசியில் வார்டு டொக்டர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். இனி வீட்டிலேயே ஒக்சிஜன் மெஷின் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், அது காற்றை இழுத்து ஒக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாகக் கொடுக்கும், ஆனால் கரண்டில் ஓடுவது, வீட்டு வயரிங் தாங்குமா என்று பார்த்து வந்து சொல்லுங்கள், தாங்கும் என்றால் வெள்ளிக்கிழமை டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன் என்றார். அன்று திங்கட்கிழமை.

இவர் கட்டிலில் இருந்தபடியே என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை எப்பிடியாச்சும் கூட்டிட்டுப் போயிரு. இங்க நான் மூச்சு முட்டிச் சாக மாட்டேன், பக்கத்துக் கட்டில்காரரோட கதையக் கேட்டே செத்துருவேன்" என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். பேச்சுதான் பகிடி. முந்தானையைப் பிடித்த பிடியில் பகிடி இல்லை.

எங்கள் வீடு அம்பிட்டிய ரோட்டுக்கு மேலே, இருபத்தாறு படி ஏறினால் வரும் பழைய ஓட்டு வீடு. யாரோ ஒரு தோட்டத்து கிளாக்கர் அந்தக் காலத்தில் கட்டியது. நான் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, டவுனில் வேலை கிடைத்து, வாடகை வீடுகளில் கிடந்து அலுத்து, கடைசியில் இரண்டு பேருமாக வாங்கின வீடு. அதன் சுவர் ஒவ்வொன்றும் இரண்டு சாண் தடிப்பு. வயரிங் மட்டும் எத்தனை பேர் கை பட்டதோ, எந்தச் சுவிட்சைப் போட்டால் எந்த லைட் எரியும் என்பது வந்தவர்களுக்கெல்லாம் ஒரு விளையாட்டு. மழைக்காலம் வந்தால் ட்ரிப் சுவிட்ச் தானாக விழும். கரண்ட் எங்காவது கசிந்தால் ஆளுக்கு ஷொக் அடிக்காமல் வீடு முழுவதையும் நிறுத்திவிடுகிற சுவிட்ச் அது. விழுந்தால் தூக்கி விடுவோம். அவ்வளவுதான் எங்கள் பராமரிப்பு.

செவ்வாய்க்கிழமை ஒரு சங்கத்திலிருந்து மெஷினை இரவலாக வாங்கி வந்தேன். படுக்கையறைப் பிளக்கில் செருகி சுவிட்சைப் போட்டதும் டக். வீடே இருண்டது. தூக்கி விட்டேன், டக். ஹோலில் செருகினேன், அடுப்படியில் செருகினேன், எல்லா இடத்திலும் டக். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

புதன்கிழமை டவுனிலிருந்து ஒரு வயரிங் பாஸ் வந்தார்; கைவேலைக்காரரை இங்கே பாஸ் என்றுதான் சொல்வோம். வந்த கால் மணித்தியாலத்தில், வீடு முழுக்கப் புதிதாக வயர் இழுக்க வேண்டும், இரண்டு கிழமையாகும், அவசரம் என்றால் ட்ரிப்பைக் கழற்றிவிட்டு நேரே கொடுத்துவிடுகிறேன், பிறகு விழவே விழாது என்றார். எனக்கு வந்ததே கோபம். ட்ரிப் இல்லாத வீட்டில் உங்கள் பெண்டாட்டி பிள்ளையை வைப்பீர்களா, படித்துத்தான் இந்த வேலைக்கு வந்தீர்களா என்று படபடவென்று கொட்டி, படியிறங்க வைத்துவிட்டேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஏனென்றால் எங்கள் வீட்டில் ட்ரிப்புக்குக் கட்டுப்படாத வயர் ஒன்று ஏற்கனவே இருந்தது. அதை எடுக்கச் சொன்னவளே நான்தான்.

மூன்று வருடத்துக்கு முன் இவர் முதல் தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முருகனுக்கு ஒரு நேர்த்தி வைத்தேன். இவரை நல்லபடியாகத் திருப்பித் தா, இவர் இருக்கும்வரை உன் படத்துக்கு முன்னால் சிவப்பு லைட் அணையாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று. திருப்பித் தந்தார். அந்த வருடம் அடைமழையில் ட்ரிப் நாளுக்கு நாலு தரம் விழுந்து, சாமி லைட்டும் சேர்ந்து அணைந்தது. ஊர் முழுக்கக் கரண்ட் போனால் அது கவர்மென்ட் குற்றம், முருகன் பொறுத்துக்கொள்வார். நம் வீட்டு ட்ரிப் விழுந்து அணைந்தால் அது நம் குற்றம் அல்லவா? என் கணக்கு அப்படி. கலஹாவிலிருந்து சில்லறை வேலைக்கு வருகிற ஒரு பாஸைப் பிடித்து, இவருக்குத் தெரியாமல், ட்ரிப்புக்கு முன்னாலேயே ஒரு வயரை எடுத்து சீலிங் வழியாக சாமி அறைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். அவரும் செய்தார். ட்ரிப் விழுந்தாலும் லைட் எரிந்தது. எனக்குப் பெரிய திருப்தி. அப்படி எடுப்பது பிழை என்று தெரியும், அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

புதன் பின்னேரம் பக்கத்து வீட்டு அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தார். சிங்களவர், நல்ல மனசு. அலவத்துகொடையில் ஒரு கரண்ட் பாஸ் இருக்கிறார் என்று நம்பர் தந்தார். நன்றாக வேலை செய்வாரா என்று கேட்டேன். நல்ல மனுசன் என்று மட்டும் சொன்னார். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான்.

வியாழன் காலை ஏழரைக்கெல்லாம் மோட்டார் சைக்கிளைக் கீழே நிறுத்திவிட்டுப் படியேறி வந்தார். ஐம்பது வயது சொல்லலாம், தொப்பி, கட்டைத் தாடி. முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே கூப்பிடுகிறபடி நானா என்று கூப்பிட்டேன், அவர் டீச்சர் என்றார். வந்ததும் ஸ்குரூட்ரைவரை எடுப்பார் என்று பார்த்தால் கதிரையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார். ஐயாவுக்கு என்ன வருத்தம், மெஷின் எந்த அறையில் இருக்கப்போகிறது, இரவில் யார் பக்கத்தில் படுப்பது என்றெல்லாம் கேட்டார். எனக்குப் பொறுமை போனது. நானா, வருத்தம் பார்க்க டொக்டர் இருக்கிறார், நீங்கள் வயரைப் பாருங்கள் என்று சொல்லியேவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, பார்க்கத்தானே கேட்கிறேன் என்றார்.

பிறகு அறை அறையாகப் போனார். படுக்கையறைக்கு அடுத்த சின்ன அறை சாமி அறை. அதன் வாசலுக்கு வந்ததும் இரண்டடி பின்னால் போய் நின்றார். வரும் வழியில் இறைச்சி ரொட்டி சாப்பிட்டு வந்துவிட்டதாகவும், கதவைச் சாத்திவிட்டால் நல்லது என்றும் தயங்கிச் சொன்னார். என்ன மரியாதையான மனிதர் என்று நினைத்துக்கொண்டு சாத்தினேன். சிவப்பு லைட்டும் கதவுக்குப் பின்னால் போனது. எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

அன்று முழுக்க அவர் செய்த வேலையைச் சொல்லி முடியாது. எர்த் வயர் பழைய இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருந்தது. குழாயை நாங்கள் எப்போதோ பிளாஸ்டிக்குக்கு மாற்றிவிட்டோம், எர்த் வயர் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஈர மண்ணாகப் பார்த்துச் செம்புக் கம்பி அடித்துப் புதிதாக எர்த் போட்டார். குளியலறைச் சுடுதண்ணீர்ப் பெட்டியில் தண்ணீர் கசிந்ததைப் பிடித்தார். பிறகு ட்ரிப்பை நிறுத்திவிட்டு ஏணி வைத்துச் சீலிங்குக்கு மேலே ஏறினார். எலி கடித்த வயர்களை வெட்டி வெட்டிக் கீழே போட்டார். நிறுத்தின பிறகும் ஒவ்வொரு வயரையும் டெஸ்டரால் தொட்டுப் பார்த்துத்தான் கையால் தொட்டார். பிஸ்மில்லா என்று சொல்வது கீழே எனக்குக் கேட்டது. இவ்வளவு பயந்தவரா கரண்ட் பாஸ் என்றுகூட எனக்கு ஒரு நினைப்பு வந்தது.

திடீரென்று மேலே சத்தம் நின்றது. டீச்சர் என்று கூப்பிட்டிருக்கிறார், எனக்கு இடது காது மந்தம், மூன்றாவது தடவைதான் கேட்டது. ஏணியடிக்குப் போனேன். ஓட்டுத் தூசி அப்பின முகம் மட்டும் ஓட்டை வழியாகத் தெரிந்தது.

"டீச்சர், இங்க ஒரு வயர் ஈக்குது. ட்ரிப்ப நிப்பாட்டியும் இதுல கரண்ட் ஈக்குது. இது எங்க போற?"

சொல்லியிருக்கலாம். அந்த வயர் அவர் கைக்கும் முகத்துக்கும் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஆனால் முந்தின நாள் ஒருவரை அதே காரியத்துக்காகத் திட்டி அனுப்பின வாய், நேர்த்தி வைத்த வாய், டீச்சர் வாய், எல்லாம் சேர்ந்து, "தெரியாதுங்க நானா, பழைய வீடு தானே" என்றது.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். சரி டீச்சர் என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அந்த வயரின் மேல் டேப் சுற்றும் சத்தம் கேட்டது.

பின்னேரம் மெஷினை ஹோலில் செருகினோம், ஓடியது. அடுப்படியில் செருகினோம், ஓடியது. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. படுக்கையறையில் செருகினோம், டக். மறுபடியும் டக். நான் தாங்காமல், ஒரு நாள் முழுக்க என்னதான் செய்தீர்கள் என்று அவர் மேலேயே பாய்ந்தேன். ஹோலிலிருந்து நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து வைத்துவிடலாம் என்று நானே யோசனையும் சொன்னேன். அதற்குத்தான் அவர் முதல் தடவையாக மறுத்துப் பேசினார். "ஏலா டீச்சர். காலுல தடக்குற வயர்ல ஒரு மனுசன்ட மூச்சத் தொங்க விட ஏலா" என்றார். நாளைக்குக் காலையில் வருகிறேன், இன்னும் ஒரே ஒரு அறைதான் பார்க்க மிச்சம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

ஒரே ஒரு அறை. படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் எந்த அறை என்று எனக்குத் தெரியாதா? அவர் போனதும் கதவைத் திறந்து பார்த்தேன். முருகன் படத்துக்கு முன்னால் லைட் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. இவரை வீட்டுக்கு வர விடாமல் தடுப்பது இந்த லைட்தானோ? சொன்னால் மானம் போகும், அணைத்தால் நேர்த்தி போகும், இரண்டும் செய்யாவிட்டால் இவர் வார்டிலேயே கிடக்க வேண்டும். முப்பது வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவளுக்கு இந்தக் கணக்குக்கு விடை வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஆறே முக்காலுக்கே வந்துவிட்டார். ஜும்மாவுக்குப் பள்ளிவாசல் போக வேண்டும், அதற்குள் முடித்துவிட வேண்டும் என்றார். தலைமயிர் ஈரமாக இருந்தது. வெள்ளைச் சட்டை. கருவிப் பையைக் கீழே வைக்காமல் சாமி அறைக் கதவுக்கு நேரே போய் நின்றார்.

"டீச்சர், காலைல குளிச்சிட்டு வந்த. எறச்சி மீன் ஒண்டும் தொடல்ல, பாணும் வாழப்பழமும் மட்டுந்தான். நீங்க சரியெண்டு செல்லினா உள்ளுக்குப் போய்ப் பாக்கிறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினேன். நேர்த்தியை, கலஹா பாஸை, நேற்று ஏணிக்குக் கீழே சொன்ன பொய்யை. உங்கள் கையில் அடித்திருந்தால் நான் என்ன பண்ணியிருப்பேன் நானா, என் புருசனுக்கு மூச்சு வேண்டும் என்று உங்களை வரச் சொல்லிவிட்டு, உங்கள் உயிரோடு விளையாடிவிட்டேனே என்றேன்.

அவருக்கு அது புதுச் செய்தியாக இருக்கவில்லை. அந்த வயர் எந்தப் பக்கம் போகிறது என்று மேலே இருந்தே பார்த்துவிட்டாராம். பிறகு ஏன் நேற்றே கேட்கவில்லை என்றேன்.

"சாமி ரூம் விஷயம் தானே டீச்சர். நீங்களாத்தான் செல்லணும்" என்றார்.

அவ்வளவுதான். ஒரு கடிந்த சொல் இல்லை. நானாக இருந்தால் அவரைக் கிழித்துத் தொங்கப் போட்டிருப்பேன்.

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போய்ச் சுவர்ப் பெட்டியைத் திறந்து காட்டினார். கலஹா பாஸ் லைட்டுக்குக் கொண்டுவந்த வயரின் திரும்பிப் போகிற கம்பியை, சுவருக்கு அந்தப் பக்கத்துப் படுக்கையறைக் கம்பியோடு சேர்த்து முறுக்கி வைத்திருந்தார். ட்ரிப் செய்வதெல்லாம் ஒரு கணக்குத்தான் என்றார் நானா. தன் வழியாகப் போன கரண்ட் முழுவதும் தன் வழியாகவே திரும்பி வர வேண்டும். படுக்கையறைக்குப் போனதில் ஒரு பங்கு இந்த முறுக்கல் வழியாகச் சாமி லைட் வயரில் ஏறி, ட்ரிப்பைத் தொடாமல் திரும்பிப் போகிறது. கணக்குக் குறைந்தால் யாருக்கோ ஷொக் அடித்துவிட்டது என்று நினைத்து ட்ரிப் விழுகிறது. சின்ன ஃபேனுக்கும் லைட்டுக்கும் குறைந்தது கொஞ்சம், பொறுத்துக்கொண்டது. மெஷினுக்குப் பொறுக்கவில்லை. போனதும் வந்ததும் சமனில்லை, இதைவிடச் சுலபமாக எனக்கு எவரும் விளக்கியிருக்க முடியாது.

இதைப் பிரிக்க வேண்டுமானால் மெயினையே நிறுத்த வேண்டும், லைட் அணையும் என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் நின்றார். ஒரு எண்ணெய் விளக்கை முதலில் ஏற்றி வைத்துக்கொள்கிறீர்களா, நான் இருக்கிறேன், அவசரமில்லை என்றும் சொன்னார். ஜும்மாவுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அவசரமில்லை என்கிறார்.

வேண்டாம் என்று நானே மெயின் சுவிட்சுக்குப் போனேன். "முருகா, அவருக்கு மூச்சு வேணும். நீ கொஞ்ச நேரம் இருட்டுல இரு" என்று வாய்விட்டுச் சொல்லிக் கீழே இழுத்தேன். நானாவின் காதில் விழுந்திருக்கும். அவர் தலையைக் குனிந்துகொண்டு டெஸ்டரை எடுத்தார்.

பதினொரு மணிக்கெல்லாம் முடித்துவிட்டார். மெஷினுக்கு போர்டிலிருந்து தனி லைன், படுக்கையறையில் தனிப் பிளக். மெயினைத் தூக்கினோம், மெஷினைப் போட்டோம். புர் என்று ஓடியது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், கால் மணித்தியாலம். ட்ரிப் அசையவில்லை. சாமி லைட்டும் எரிந்தது. அதை எந்த லைனில் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

"ஐயாட மெஷின்ட லைன்லதான். மெஷினுக்குக் கரண்ட் நிண்டா அது கத்தும், ஆனா ஒங்கட காதுக்குக் கேக்காது டீச்சர். அடுப்படில நிண்டு திரும்பினா இந்த லைட் தெரியுது. இது எரிஞ்சா மெஷினுக்குக் கரண்ட் ஈக்குது. அணஞ்சா ஓடி வாங்க."

மூன்றாவது தடவை கூப்பிட்டுத்தான் எனக்குக் கேட்டது என்பதை முந்தின நாள் சீலிங்குக்கு மேலே இருந்தே கவனித்து வைத்திருக்கிறார் மனிதர். சாமி அறைக் கதவை இனிச் சாத்த வேண்டாம் என்றும் சொன்னார். கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் கூச்சப்பட்டுக்கொண்டு தொப்பியைச் சரிசெய்து படியிறங்கினார்.

பின்னேரம் இவரைக் கதிரையில் வைத்து இருபத்தாறு படியும் தூக்கி வந்தார்கள். குழாயை மூக்கில் மாட்டிச் சாய்ந்ததும், திறந்திருந்த கதவு வழியாகச் சிவப்பு வெளிச்சம் விழுவதைப் பார்த்து என்ன என்றார். இந்தத் தடவை ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்ப சாமியும் நானும் ஒரே லைனா, அவருக்கு இடைஞ்சல் இல்லாமல் இழுக்கிறேன் என்றார். மூன்று கிழமைக்குப் பிறகு அன்றுதான் இவர் மூச்சு வாங்காமல் ஒரு வசனத்தை முழுதாகச் சொன்னது.

போன கிழமை மத்தியானம் நல்ல மழை. அடுப்படியில் மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்தேன். அடுப்படிக்கு மட்டும் போட்ட தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் உலகமே இடிந்தாலும் எனக்குக் கேட்காது. தற்செயலாகத் திரும்பினேன், சாமி அறை இருட்டாக இருந்தது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். மெஷின் கத்திக்கொண்டிருந்தது, இவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்த்தார், உதடு நீலமாகத் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் தந்த சின்ன சிலிண்டருக்குக் குழாயை மாற்றினேன். சொல்லித் தந்தபடி திருகினேன். கொஞ்ச நேரத்தில் நிறம் திரும்பியது. கூப்பிட்டேன், கேட்கல இல்ல, என்றார். கேட்கல, ஆனா தெரிஞ்சது, என்றேன். அவர் என் கையை விடவே இல்லை.

அரை மணித்தியாலத்தில் கரண்ட் வந்தது. சாமி அறையில் சிவப்பு லைட் எரிந்தது. அதைப் பார்த்து முருகா என்று கும்பிடத்தான் கையெடுத்தேன். வாயில் வந்தது வேறு.

"நானா, நீங்க நல்லா இருக்கணும்" என்றேன்.